ஊர் முழுக்கத் தெரிந்த பாட்டு

இதை எனக்கு முதலில் சொன்னது லூர்தம்மாள். போன தபசு காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், கோயில் மண்டபத்தில் நாங்கள் பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தோம். ஒருத்தி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள், இன்னொருத்தி இது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டாள், மூன்றாவது ஒருத்தி யோசிக்காமலே ஒரு படத்தின் பெயரைச் சொன்னாள். லூர்தம்மாள் கையிலிருந்த ஓலையை மடியில் வைத்துவிட்டு, "ஏட்டி, நெசமாவே தெரியுமா, இல்ல சும்மா சொல்லுதியா? சும்மான்னா இப்பவே சொல்லிரு. எங்க ஊர்ல இப்பிடிச் சும்மா சொல்லித்தான் ஒரு பொம்பளைய ஊர விட்டே அனுப்பப் பாத்தானுவ" என்றாள். அவள் பிறந்த ஊர் புளியம்பேரி. கூட்டிச் சொல்கிறவள் இல்லை, குறைத்துத்தான் சொல்லியிருப்பாள் என்று நான் நம்புகிறேன். அவள் சொன்ன வரிசையிலேயே நானும் சொல்கிறேன்.

புளியம்பேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெயராணி சவுண்ட் சர்வீஸ் என்று ஒரு மைக் செட் கடை உண்டு. நடத்துகிறவர் சவரிராயன். கல்யாணம், சடங்கு, கொடை, கொடியேற்றம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான் பனைமரத்தில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அந்தக் கடையில் பாட்டுப் பைத்தியங்கள் கூடுவார்கள். பேக்கரி மாஸ்டர் தங்கபால் வருவார், மருந்துக்கடை இசக்கியப்பன் வருவார், ஆட்டோவை ஓரமாகப் போட்டுவிட்டுக் காதர் பாய் வருவார். ஒருவர் கேள்வி போட, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படம், யார் பாடினார் என்பதெல்லாம் அங்கே சின்னப் பிள்ளைக் கேள்வி. தபலாவே இல்லாத ஜோடிப் பாட்டு எது, பாடகி மூச்சு வாங்குவதை வெட்டாமல் அப்படியே விட்டது எந்தப் பாட்டில், படத்தில் இல்லாமல் கேசட்டில் மட்டும் இருக்கும் சரணம் எது, இப்படித்தான் கேட்பார்கள். பதில் தெரியாதவர், கரண்டு கொடுக்காத ஒரு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு "தோத்தேன்" என்று சொல்ல வேண்டும். அது அங்கே உள்ள முறை.

ஆனால் அப்படிச் சொல்ல நேர்ந்தது குறைவு. ஏனென்றால் அந்தக் கடைக்குள் யாருக்கும் "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. "தொண்டைக்குள்ள நிக்குது வே" என்பார்கள். "கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன், ராத்திரிப் பாட்டுலா அது?" என்பார்கள். யாராவது ஒருவர் பதில் சொன்னதும் மற்ற மூவரும், "அதைத்தானே சொல்ல வந்தேன்" என்று தொடையில் தட்டுவார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அதிலும் சவரிராயனுக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஊரில் ஒரு குழந்தை பாட்டுக் கேட்டு அழுகையை நிறுத்தினால்கூட அது தன்னால்தான் என்று நினைக்கிற மனுசன் அவர். வேறு கெட்ட குணம் கிடையாது. குடியில்லை, யாரையும் கைநீட்டியதில்லை.

அந்தக் கடைக்கு அமலோற்பவம் வந்தது தற்செயல். வீட்டிலிருந்தபடி சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவள், புருசன் இறந்து, மகள் ஜெசிந்தா கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க, தையல் மிஷினும் ரேடியோவுமாகவே காலத்தை ஓட்டினவள். சவரிராயனின் மனைவி செல்வமேரியின் சேலையைக் கொடுக்க வந்தவள் கடைவாசலில் நின்றாள். உள்ளே இசக்கியப்பன், "பல்லவியை ஒரு தடவைக்கு மேல பாடாத பாட்டு எது?" என்று கேட்டுவிட்டு எல்லாரையும் திணறடித்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் வாசலிலிருந்தே பதிலைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா ரேடியோவுல போடும்போது நடுவுல வெட்டிருவாங்க, அதனாலதான் உங்களுக்கு நெனப்பு இருக்காது" என்று அவர்களுக்காக ஒரு சமாதானமும் சொன்னாள்.

"யக்கா, உள்ள வாங்க" என்று காதர் பாய் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். "இத்தன நாள் எங்க இருந்தீங்க?"

"மிஷினுக்கு முன்னாடி" என்றாள் அமலோற்பவம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததற்கு, முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல், "தெரியாது, நீங்க சொல்லுங்க" என்பாள். அந்தச் சொல்லை அந்தக் கடையில் முதலில் சொன்னவள் அவள்தான். சொல்லிவிட்டு, பதிலை வாங்கி, சேலை மடிப்பதுபோல மனதுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள். தங்கபாலுக்கு அது பிடித்திருந்தது. காதர் பாய்க்குப் பிடித்திருந்தது. "யக்கா வந்த பெறகுதான் வே கேள்விக்கு ஒரு ருசி" என்றார்கள். சவரிராயனும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டியபோது கழுத்து வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் யோசித்து யோசித்து வைத்திருந்த தன்னுடைய சிறந்த கேள்வியை எடுத்துவிட, அமலோற்பவம் பதிலைச் சொன்னதோடு நிற்காமல், "சவரி, அதுல புல்லாங்குழல் இல்லப்பா, அது கிளாரினெட்டு. இன்னொரு வாட்டி கேட்டுப்பாரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க சவரிராயன் ஒயரைச் சுற்றும்போதும், சோற்றைப் பிசையும்போதும், செபமாலை உருட்டும்போதும் அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு, பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து, வாங்கிய நாக்கின் ஈரம் காய்வதற்குள் அந்தக் காரியத்தைச் செய்தார்.

"அக்கா, இதைச் சொல்லுங்க பாப்போம்" என்றார். "தொறைமுகத்துல எடுத்த பாட்டு. 'உப்புக்காத்து வந்து உன் பேரைக் கேக்குதே'ன்னு எடுப்பு. படம் ஒரு வாரங்கூட ஓடல, பெட்டி திரும்பிப் போச்சு. அதுல ரெண்டாவது இடையிசையில என்ன வாத்தியம்?"

அப்படி ஒரு பாட்டு இல்லை. அன்று காலை பல் தேய்க்கும்போது அந்த வரியை அவர் உண்டாக்கினார்.

அமலோற்பவம் கண்ணை மூடி யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள். பிறகு மெதுவாக, "அப்பிடி ஒரு பாட்டு இல்லையே சவரி" என்றாள்.

அந்த இடத்தில் மற்ற மூவரும் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்குள் அவர்கள் வாய் வேறு மாதிரிப் பழகியிருந்தது. இசக்கியப்பன் முதலில் தொடையில் தட்டினார். "என்னக்கா இப்பிடிச் சொல்லிட்டீங்க! நாதஸ்வரம்லா! ஒத்தை நாதஸ்வரம், தூரத்துல கேக்குற மாதிரி வருமே!" தங்கபாலுக்குப் பின்தங்க மனமில்லை. "நாதஸ்வரத்துக்கு முன்னாடி வளையல் சத்தம் வரும் வே, அத விட்டுட்டீரே" என்றார். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டு, "சரணத்துல அந்த ஆம்பளைக் குரல் லேசா இருமும் பாருங்க, அடடா, அதுக்காகவே கேக்கலாம்" என்றார்.

சவரிராயன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு தோல்விதான். அவர்கள் அவருக்கு ஒரு பாட்டையே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அமலோற்பவம் நால்வர் முகத்தையும் பார்த்தாள். அவளுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "எனக்கு... எனக்கு ஞாபகம் வரலையே" என்றாள். பிறகு முறைப்படி மைக்கைக் கையில் வாங்கி, "தோத்தேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். இடது கால் செருப்பு வலது காலில். அதைப் பார்த்தும் சவரிராயன் கூப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலையில் தெருத் தண்ணிக் குழாயில் அந்தப் பாட்டு வந்தது. குடத்தை வைத்து நின்ற பெண்கள், தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும் அல்லவா, அந்தக் காற்றோடு உப்புக்காத்து வந்து உன் பேரைக் கேக்குதே என்று வந்ததைக் கேட்டார்கள். யாரும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடவில்லை. "நல்ல பழைய பாட்டு" என்றாள் ஒருத்தி. "எங்க கல்யாணத்துக்குப் போட்டாவ" என்றாள் இன்னொருத்தி. அன்று பகலில் மாவு அரைக்கிற கிரைண்டரில் வந்தது, டவுன் பஸ் மேட்டில் ஏறும்போது வந்தது, தங்கபாலின் அடுப்பில் பன் உப்பும்போது வந்தது. வளையல் குலுங்கியது, தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது, சரணத்தில் ஓர் ஆண் குரல் லேசாக இருமியது.

அந்த வாரமே ஊர் அந்தப் பாட்டை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. கல்யாணத்தில் பெண் மேடை ஏற அதைக் கேட்டார்கள், சடங்கு வீட்டில் கேட்டார்கள், துட்டி வீட்டில்கூட இறந்தவருக்குப் பிடித்த பாட்டு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். கட்சிக்காரர்கள் அதே மெட்டில் தங்கள் வேட்பாளர் பெயரைப் போட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் போட்டார்கள். பிள்ளைத்தாச்சிகள் அதைக் கேட்டால் குழந்தை நன்றாகப் புரளுகிறது என்றார்கள். கோயில் பாடல் குழுவினர் அதே மெட்டில் காணிக்கைப் பாட்டு ஒன்று கட்டி, உப்புக்காற்றுக்குப் பதில் ஆவியானவரை வரவழைத்தார்கள். அந்தப் படம் எந்த வருசம் வந்தது என்று டீக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டு ஒருவருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. எந்தக் கடையிலும் அந்தக் கேசட் இல்லை, அதைப்பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ஒலிக்கிற பாட்டுக்கு எதற்குக் கேசட்?

சவரிராயனின் ஸ்பீக்கரில் அது தானாக வந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தாலும் வந்தது. மக்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். அவருக்கோ காது மடல் இரண்டும் சுட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு பாட்டு. அவருக்கு, வளையல் வரும்போது தங்கபாலின் முகம் தெரிந்தது, நாதஸ்வரத்தில் இசக்கியப்பனின் தொடைத் தட்டு கேட்டது, எடுப்பு வரும்போதெல்லாம் மாறிப்போன ஒரு ஜோடிச் செருப்பு கண்முன்னால் நடந்து போனது.

அந்த ஊரில் அந்தப் பாட்டு கேட்காதவள் ஒருத்திதான்.

ரேஷன் கடை வரிசையில் எல்லார் காலும் தாளம் போட, அமலோற்பவம் பையைப் பிடித்தபடி நின்றாள். "என்னக்கா, பாட்டு கேக்கலையா?" என்றார்கள். "எந்தப் பாட்டு?" என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவளைப் பெற்ற அம்மா கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோய், காப்பியில் உப்பைப் போட்டு, பெற்ற மகளையே "நீ யாரு தாயி?" என்று கேட்டபோது, ஊர் அவளுடைய அம்மாவை அப்படித்தான் பார்த்தது. அமலோற்பவம் பக்கத்து ஊர் காது டாக்டரிடம் போனாள். காதில் ஒன்றும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து ரேடியோவை அணைத்து, ஒரு பழைய சேலையால் மூடிக் கட்டிவிட்டாள்.

இதையெல்லாம் செல்வமேரிதான் வந்து சொன்னாள். "பாவங்க அந்தக்கா. கேஸை அணைச்சமான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்காவ. என்னைப் பாத்து, 'செல்வி, உங்கம்மா பேரு மரியதங்கம், சரிதான?'ன்னு கேக்காவ. தனக்குத்தானே பரீட்சை வைக்காவ போல. காதுல ஒண்ணும் இல்லைன்னா அப்ப மண்டையிலதான்னு சொல்லி அழுதாவ. ஜெசிந்தா வந்து கூட்டிட்டுப் போப்போறாளாம். மிஷினைக் குடுத்துட்டு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, இனி இந்தப் பக்கமே வரவேண்டாம்னு."

சவரிராயன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

முதலில் சாமியாரிடம் போனார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லுகிற பாவம் வெளியே வரக்கூடாது. இது சவரிராயனே பிற்பாடு ஊரறியச் சொன்னதால்தான் லூர்தம்மாளுக்குத் தெரியும், அவள் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனக் கூண்டின் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் லேசாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அதே மெட்டு. சவரிராயன் முழங்காலில் நின்று, "சாமி, அந்தப் பாட்டு பொய். நான் உண்டாக்கினது" என்றார்.

"குருமடத்துல நாங்க பாடின பாட்டுல்லா அது?" என்று சாமியார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சரி. பொய்ன்னே வைப்போம். யாருக்கு எதிராச் சொன்னீரு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி அது. அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி. சவரிராயன் வாயைத் திறந்தார். அமலோற்பவத்தின் பெயர் வரவில்லை. "யாருக்கும் எதிரா இல்ல சாமி, சும்மா வெளாட்டுக்கு" என்றார். ஆண்டவருடைய காதுக்கே அதை மறைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் பாட்டு முன்னைவிடச் சத்தமாக வந்தது.

அடுத்து நண்பர்களிடம் சொன்னார். "அந்தப் பாட்டை நான்தான் உண்டாக்கினேன் வே. பல் தேய்க்கும்போது. அப்பிடி ஒரு பாட்டு கெடையாது."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாட்டு ஊரெல்லாம் ஓடவும், இவரு நான்தான் போட்டேங்காரு" என்றார் இசக்கியப்பன். "அண்ணாச்சிக்கு ஒரு பட்டம் குடுத்துருவோம். எப்பா, கேள்வி கேக்குறதுல இருந்து மியூசிக் டைரக்டர் ஆயாச்சு" என்றார் காதர் பாய். "பெருமைக்கும் ஒரு அளவு வேணும் வே சவரி" என்று தங்கபால் மட்டும் சிரிக்காமல் சொன்னார். அவர்களுக்கு அந்தப் பாட்டு இப்போது உண்மையாகவே ஞாபகம் இருந்தது. எந்த மழையில், எந்தத் தெருவில் நின்று முதலில் கேட்டார்கள் என்பதுவரை ஞாபகம் இருந்தது.

குற்றத்தைச் சொல்லப் போய்ப் பெருமைக்காரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு திரும்பினார் சவரிராயன்.

ஜெசிந்தா வந்திறங்கியது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் போகாமல் சவரிராயன் அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்கு அவர் அதுவரை போனதில்லை. வாசலில் மூட்டைகள், தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி, சேலையில் கட்டிய ரேடியோ. அமலோற்பவம் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். முற்றத்துத் தண்ணிக் குழாய் சொட்டிக்கொண்டு பாடியது.

"அக்கா" என்றார். "அந்தப் பாட்டு இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொன்னது ஜெசிந்தாதான். "அண்ணாச்சி, உங்களுக்கு நல்ல மனசு. அம்மாவுக்கு ஆறுதலாச் சொல்லுதிய. ஆனா வேண்டாம். நேத்து பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து எனக்கே கேக்குது. இந்தா, கொழாயில ஓடிட்டு இருக்கு. அம்மாவுக்கு மட்டுந்தான் கேக்கல. ஆச்சிக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சுது."

சவரிராயன் உண்மையைச் சொன்னாலும் அது அங்கே ஆறுதலாகத்தான் விழுந்தது.

அமலோற்பவம் மெல்ல, "ஜெசி" என்றாள். "உனக்குக் கேக்குதுன்னா ஒண்ணு சொல்லு. அது எப்படி முடியுது?"

"என்னம்மா?"

"பாட்டு எப்படி முடியுது? பல்லவியில முடிக்காங்களா, வாத்தியத்துல முடிக்காங்களா, இல்ல சத்தம் கொறைஞ்சு கொறைஞ்சு போவுதா? கேட்டுச் சொல்லு."

ஜெசிந்தா குழாய்ப் பக்கம் காதைக் கொடுத்தாள். வளையல் வந்தது, நாதஸ்வரம் வந்தது, சரணம் வந்தது, இருமல் வந்தது, பிறகு மறுபடி உப்புக்காத்து வந்து நின்றது. இன்னொரு முறை கேட்டாள். "முடியலம்மா" என்றாள், குரல் மாறி. "திரும்பத் திரும்ப ஆரம்பிக்குது."

"முடிவு இல்லாத பாட்டு உண்டா?" என்று அமலோற்பவம் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில், கடைவாசலில் சேலையோடு நின்ற பழைய அமலோற்பவம் ஒரு கணம் எட்டிப் பார்த்தாள்.

சவரிராயன் ஓடினார். வேட்டி தடுக்க, தெருவில் எல்லாரும் பார்க்க, கடைக்கு ஓடி, கூடியிருந்த மூவரையும் இழுத்துக்கொண்டு வந்து அந்த முற்றத்தில் நிறுத்தினார். "அக்கா ஒரு கேள்வி கேக்காவ. பதில் சொல்லுங்க."

அவள் கேட்டாள்.

"அது வந்து... தொண்டைக்குள்ள நிக்குது" என்றார் இசக்கியப்பன்.

"கேட்டிருக்கேன், கேட்டிருக்கேன்" என்றார் காதர் பாய்.

கட்டிவைத்த மூட்டைகளையும், கவிழ்ந்த நாற்காலியையும், அவளுடைய ஒடுங்கிப்போன முகத்தையும் தங்கபால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாவு படிந்த கையை வேட்டியில் துடைத்தார்.

"தெரியாதுக்கா" என்றார். "எப்பிடி முடியுதுன்னும் தெரியாது, எப்பிடி ஆரம்பிச்சுதுன்னும் தெரியாது. இவரு நாதஸ்வரம்னு சொன்னாரு. நான் மட்டும் சும்மா இருக்கக் கூடாதேன்னு வளையல்னு சொன்னேன். எனக்கு அந்தப் பாட்டே தெரியாது."

குழாயில் வளையல் சத்தம் நின்றது. ஊரிலும் நின்றது. ஜெசிந்தா திடுக்கிட்டுக் குழாயைப் பார்த்தாள்.

காதர் பாய் தலைக்குல்லாவைக் கழற்றினார். "இருமல் நான் சொன்னதுக்கா. அல்லா மன்னிக்கணும். எல்லாரும் தலையாட்டுனாங்க, எனக்கு மட்டும் தெரியலைன்னு சொல்ல நாக்கு எழும்பல." இருமல் போயிற்று. இசக்கியப்பனுக்கு நேரமாயிற்று. மருந்துக் கடையில் ஊரே அவரை நம்பி மாத்திரை வாங்குகிறது, அவர் வாயில் அந்தச் சொல் வர வழி தெரியாமல் தவித்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாதஸ்வரம் இல்ல. எனக்குத் தெரியாது" என்றார். தூரத்து நாதஸ்வரம் இன்னும் தூரமாகி, இல்லாமல் போனது.

மிச்சம் இருந்தது எடுப்பு மட்டும். வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறுமனே அந்த வரி. உப்புக்காத்து வந்து உன் பேரைக் கேக்குதே. அலங்காரமெல்லாம் உதிர்ந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று எல்லாருக்கும் புரிந்தது. இத்தனை நாளும் ஊர்க் குழாய்களில், கிரைண்டர்களில், பஸ்ஸில், மணமேடையில், பீடத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தது சவரிராயனின் குரல். கொஞ்சம் கரகரத்த, சுருதி சேராத குரல். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பூமி பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. பிளக்கவில்லை.

"நீதானா சவரி?" என்றாள் அமலோற்பவம். அவளுக்கு இப்போதும் அது கேட்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "ஏம்ப்பா?"

"உங்களுக்கு எதிராத்தான்க்கா" என்றார். சாமியாரிடம் சொல்லாததை அங்கே சொன்னார். "கிளாரினெட்டுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பொறுக்கல. உங்கள அந்த எடத்துல தலைகுனிய வைக்கணும், நீங்க திரும்பி வரக்கூடாதுன்னு நெனச்சேன். நற்கருணை வாங்குன வாயால சொன்னேன். செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போனீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

வரி பாதியில் நின்றது. உன் பேரை என்பதோடு நின்றது.

தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். பஸ் மேட்டில் ஏறியது, வெறும் இஞ்சின் சத்தத்தோடு. கோயிலில் பூசை முடிந்து காணிக்கைப் பாட்டை ஒத்திகை பார்க்க எழுந்த பாடல் குழு வாயைத் திறந்து, மெட்டு இல்லாமல் மூடியது. அமலோற்பவத்தின் முற்றத்தில் குழாய் சொட்டியது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தாள்.

"இப்ப உங்களுக்கு என்ன கேக்குது?" என்றாள்.

"தண்ணி சொட்டுதும்மா" என்றாள் ஜெசிந்தா.

"எனக்கும் அதான் கேக்குது" என்றாள் அமலோற்பவம். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

ஜெசிந்தா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்றாள். "நானும்லா ஒங்கள நம்பல" என்றாள். அமலோற்பவம் மகளின் தலையைத் தடவியபடி, "முடிச்சை அவுத்துரு" என்றாள். மூட்டைகளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நால்வரும் ஆளுக்கு ஒன்றாகக் குனிந்தார்கள். "நீங்க விடுங்க" என்றாள். "ரேடியோவைச் சொன்னேன். அவ அவுப்பா."

நால்வரும் வெளியே வந்தார்கள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் அவர்களுக்கும் இல்லை.

ஊர் அவர்களைச் சும்மா விடவில்லை. இருந்த ஒரு நல்ல பாட்டையும் கெடுத்துவிட்டார்கள் என்று ஏசியது. கல்யாண வீடியோக்களில் பெண் சத்தமில்லாமல் மேடை ஏறினாள். எங்கள் கல்யாணத்தில் போட்டார்கள் என்றவள் புருசனிடம், அப்படியானால் என்ன பாட்டுத்தான் போட்டார்கள் என்று கேட்டு இரண்டு பேருக்கும் ஞாபகம் வராமல் மனஸ்தாபமானது. கொஞ்சப் பேர் அமலோற்பவத்தையும் முணுமுணுத்தார்கள், அவள் சும்மா இருந்திருக்கலாமே என்று. மனுச மனம் அப்படித்தான், ஆண்டவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் போட்டுக்கொண்டவர் தழும்பைத் தடவிக்கொண்டு, எதற்காக அடித்துக்கொண்டோம் என்று டீக்கடையில் இன்றும் யோசிக்கிறாராம்.

சவரிராயன் மறுபடி சாமியாரிடம் போய், விட்டதைச் சொன்னார். கடையில் ஞாயிறுக் கூட்டம் இன்னும் நடக்கிறது. ஒரு நாற்காலியை மட்டும் யாரும் உட்காராமல் வாசல் பக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். அமலோற்பவம் அதில் வந்து உட்காரவில்லை. செல்வமேரியின் சேலை மட்டும் ஃபால்ஸ் அடித்து, நறுக்கென்று மடித்து, யார் கையிலாவது வந்துசேரும். சவரிராயன் அவள் வீட்டைத் தாண்டும்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பாராம். உள்ளே ரேடியோ பாடும். சில நாள் அவர் தாண்டும்போது சத்தம் கொஞ்சம் கூடும். அது அவருக்காகக் கூட்டினதா, அவரை விரட்டக் கூட்டினதா என்று கேட்டேன். லூர்தம்மாள் ஓலையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "தெரியாது" என்றாள்.

இவ்வளவு நேரம் கேட்டீர்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்றைக்குப் படுக்கப்போகும் முன்னால் அந்த சவரிராயனுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுங்கள். பாட வேண்டாம். சும்மா சொன்னால் போதும்.